அடிக்குறிப்பில் இருந்த பள்ளிக்கூடம்

என் இரண்டாம் அத்தியாயத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு வசனத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. ஓரத்தில் மூன்று சொற்கள். "இதை எங்கே பார்த்தீர்கள்?"

அது ஒரு சனிக்கிழமை. வவுனியாவில் எங்கள் முதுமாணிப் பட்ட வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டிருந்தது. மற்றவர்கள் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். நான் அந்தத் தாளை மேசையில் குப்புற வைத்தேன். பிறகு திருப்பிப் பார்த்தேன். வட்டத்துக்குள் இருந்த வசனம் இதுதான்: மலையகப் பின்னணியைக் கொண்ட குடும்பங்கள் தம் பிள்ளைகளின் பாடசாலைக் கல்வியில் குறைந்த அக்கறையே காட்டுகின்றன. முடிவில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் ஆண்டும். அந்தப் பெயருக்குரிய அறிக்கையை நான் கண்ணால் கண்டதில்லை. வேறொரு கட்டுரையில் அந்த வசனம் அடைப்புக்குறியோடு இருந்தது. அப்படியே எடுத்து வைத்திருந்தேன்.

அப்படியென்றால் கேள்விக்கு உண்மையான பதில், பார்க்கவில்லை என்பது. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் ஒரு விரிவுரையாளர், பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதுவதும் களவுதான் என்று வகுப்பில் சொல்லியிருந்தார். எங்களுக்கு முன் படித்த அணியில் ஒருவருடைய ஆய்வேடு அதனால் திரும்பி வந்ததாம். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அன்றிலிருந்து திரும்பி வரப்போகும் அடுத்த ஆய்வேடு என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் செட்டிகுளத்துக்குக் கிட்ட ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். என் தாத்தா தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து குடும்பத்தோடு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். வீட்டில் நாங்கள் இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான் பேசுகிறோம். "ஆமா" என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டு இறங்கி, பஸ்ஸில் ஏறியதும் "ஓம்" என்று மாறிவிடுவேன். எங்களைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருகிறார்களா, வராவிட்டால் ஏன் என்பதுதான் நான் எடுத்த தலைப்பு. அதனால் அந்த வசனம் யாரோ முகம் தெரியாத ஆட்களைப் பற்றியதல்ல. என் அம்மாவைப் பற்றியது.

அம்மா மற்றவர்களின் வயல்களில் களை பிடுங்கப் போனவர். மாரியில் எங்கள் பாதையில் இருக்கும் சிறிய பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும். அந்த நாட்களில் என்னுடையதும் தம்பியுடையதும் சீருடைகளைப் பொலித்தீன் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக் கடப்பார். அக்கரையில் ஒரு பாலை மரத்தின் மறைவில் உடுப்பு மாற்றுவோம். பிறகு அவர் தனியாகத் திரும்பிப் போய் வேலைக்குப் போவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வசனத்தை என் கையால் தட்டச்சு செய்திருந்தேன். எப்படிச் செய்தேன் என்று பலதடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு வசனமாகத்தான் தெரிந்தது. நல்ல தமிழில் இருந்தது. அடைப்புக்குறி இருந்தது. என்னைவிடப் படித்த யாரோ சொல்லியிருந்தார்கள்.

வட்டம் போட்டவர் என் ஆய்வு மேற்பார்வையாளர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவராக இருக்கலாம். அதிகம் பேசமாட்டார். அவருடைய முதல் கருத்து இந்த வட்டமல்ல. அதற்கு இரண்டு மாதம் முன்னர் நான் கொடுத்த முதல் பிரதியைப் பார்த்துவிட்டு, முன்பு வந்த ஆய்வுகளை எடைபோடுகிற இலக்கிய மீளாய்வு இது இல்லை என்றிருந்தார். நான் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி எழுதியிருந்தேன். இவர் இவ்வாறு கூறுகிறார், அவர் அவ்வாறு கூறுகிறார், மேலும் இன்னொருவர் இன்னொன்றைக் கூறுகிறார் என்று பதினெட்டுப் பக்கம்.

"ரீச்சர், இது வரவு இடாப்பு மாதிரி இருக்கு," என்றார் அவர். "ஆர் ஆர் வந்தவை எண்டு தெரியுது. ஆளோட ஆள் என்ன கதைச்சவை எண்டு தெரியேல்ல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் சொன்னது விளங்கியது. நான் தினமும் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டு இடாப்பில் வரவு போடுகிறவள்தானே.

ஒரு அட்டவணை போடச் சொன்னார். எழுதியவர் யார், எங்கே செய்தார், யாரிடம் கேட்டார், எத்தனை பேரிடம், எப்படிக் கேட்டார், என்ன கண்டார். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரிசை. பெட்டிகள் நிரம்பிய பிறகு மேலிருந்து கீழாகப் பார்க்கவேண்டும், எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், எதை ஒருவருமே கேட்கவில்லை என்று. அந்தக் கேட்கப்படாத இடத்தில்தான் என் ஆய்வு தொடங்கவேண்டுமாம்.

நான் இடாப்பு போன்ற நீளமான கொப்பி ஒன்றை எடுத்து அடிமட்டத்தால் கோடு போட்டேன். பள்ளிக்கூடம் விட்டபின் வெறும் வகுப்பறையில் இருந்து நிரப்பினேன். முதல் நாட்களில் ஒரு கட்டுரைக்கு ஒரு பின்னேரம் போனது. ஆங்கிலக் கட்டுரை என்றால் இரண்டு பின்னேரம். சில கட்டுரைகளில் யாரிடம் கேட்டார்கள் என்று கண்டுபிடிக்கவே நேரம் போனது. அந்தப் பெட்டியை நிரப்பும்போதுதான் நான் எவ்வளவு கட்டுரைகளை முடிவுரையை மட்டும் வாசித்துவிட்டு எழுதியிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அந்தப் பயத்தோடுதான் இரண்டாவது பிரதியை எழுதிக் கொடுத்தேன். அதில்தான் சிவப்பு வட்டம் வந்தது.

வட்டம் வந்த கிழமை நான் கொப்பியைத் திறந்து அந்த வசனத்தின் வரிசையைப் பார்த்தேன். "யாரிடம் கேட்டார்" என்ற பெட்டி வெறுமையாக இருந்தது. நான் எடுத்த கட்டுரையின் ஆசிரியர் எவரிடமும் கேட்கவில்லை. அடைப்புக்குறிக்குள் அறிக்கையின் பெயரைப் போட்டிருந்தாலும், பின்னால் ஒரு குறிப்பில் அதை வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்ததாகக் காட்டியிருந்தார். அதைத் தேடி இறக்கினேன். அதிலும் கிட்டத்தட்ட அதே கருத்து, வேறு சொல்லில். அவரும் கேட்கவில்லை. அவர் இன்னொருவரைக் காட்டினார். அந்த மூன்றாமவர்தான் நேராக என் அடைப்புக்குறியில் இருந்த பழைய அறிக்கையைக் காட்டினார். கடைசியில் எல்லாக் கையும் நீண்டிருந்தது அந்த அறிக்கையை நோக்கித்தான். அது இணையத்தில் எங்குமே இல்லை.

அந்த மூன்றில் நடுவில் இருந்த கட்டுரையின் முதல் பக்கத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். எழுதியவர் என் மேற்பார்வையாளர்.

நான் லப்டொப்பை மூடிவிட்டு வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். அவர் "எங்கே பார்த்தீர்கள்" என்று கேட்டது தன்னுடைய வசனத்தைப் பற்றி. அது அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்டாரா? எழுதிப் பல வருஷமாகி மறந்துவிட்டாரா? நான் என்ன பதில் சொன்னாலும் அது அவரிடத்தில்தான் போய் முட்டும்.

என்னோடு படிக்கும் ஒரு சிநேகிதி இருக்கிறாள். வற்றாப்பளைக்காரி, முல்லைத்தீவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கிழமைக்கு இரண்டு நாள் பஸ்ஸில் வந்து போகிறாள். போனில் அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், அந்த வசனத்தை வெட்டிவிட்டு வேறு வேலையைப் பார் என்றாள். ஒரு வசனம் இல்லாவிட்டால் மீளாய்வு விழுந்துவிடுமா என்று கேட்டாள்.

வெட்டினேன். ஒரு புதன்கிழமைப் பின்னேரம். வெட்டியபின் முன்னும் பின்னும் இருந்த வசனங்கள் சரியாக ஒட்டிக்கொண்டன. யாருக்கும் தெரியாது. நிம்மதியாக இருக்கவேண்டும். ஆனால் மறுநாள் இன்னொரு கட்டுரையை வாசித்தபோது அதிலும் அந்த வசனம் வந்தது. அதற்கடுத்த நாள் கல்வித் திட்டம் ஒன்றின் முன்னுரையிலும் வந்தது. என் அத்தியாயத்திலிருந்து வெட்டினால் அது அங்கிருந்தெல்லாம் போய்விடாது. அதோடு இன்னொரு பயமும் வந்தது. ஒருவேளை அந்த அறிக்கை உண்மையைத்தான் சொல்கிறதோ? முறையாக நூற்றுக்கணக்கான வீடுகளில் கேட்டு, எண்ணிக் கண்ட முடிவாக இருந்தால்? எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு முடிவை வெட்டுவதும் பார்க்காததை எழுதுவதும் ஒன்றுதானே.

வசனத்தைத் திரும்பப் போட்டேன். அறிக்கையைத் தேடுவது என்று முடிவு செய்தேன்.

வழி காட்டியதும் அந்தச் சிநேகிதிதான். கிளிநொச்சியில், மூடிப்போன உதவி நிறுவனங்கள் விட்டுச்சென்ற காகிதங்களை ஒரு சிறிய நூலகத்தின் பின் அறையில் அடுக்கி வைத்திருப்பதாக அவளுடைய கணவர் சொல்லியிருந்தாராம். "கிடைக்கும் எண்டு சொல்லேல்ல. போய்ப் பார் எண்டுதான் சொல்லுறன்," என்றாள்.

ஒரு நாள் லீவு போட்டுக் கண்டி வீதியால் பஸ்ஸில் போனேன். நூலகத்துக்குப் பொறுப்பான பெண் நான் கொண்டுபோன பல்கலைக்கழகக் கடிதத்தை இரண்டுதரம் வாசித்துவிட்டுப் பின் அறையைத் திறந்துவிட்டார். இரண்டு இரும்பு அலுமாரிகள். ஒன்றின் கதவு முழுதாகத் திறக்காது. பெயர்ப் பட்டியல் இல்லை. கட்டுகளைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நான் நிலத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கிணறு துப்புரவாக்கியது, கோழி வளர்ப்புப் பயிற்சி, மலசலகூடம் கட்டியது, எல்லாவற்றுக்கும் அறிக்கை இருந்தது. சிலவற்றைக் கறையான் அரித்திருந்தது. மத்தியானம் தாண்டியது. நான் தேடி வந்த காகிதமும் அப்படிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மேலட்டை இல்லாத ஒரு கட்டின் இரண்டாம் பக்கத்தில் அந்தப் பெயரைக் கண்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேனோ என்று பயந்து, கட்டை நிலத்தில் வைத்தே மெதுவாகப் புரட்டினேன்.

ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளைகளின் கல்வியைப் பற்றி ஒரேயொரு பக்கம்தான். செட்டிகுளப் பக்கத்துக் குடியேற்றங்களில் பெரும்பாலான பிள்ளைகள் கணக்கெடுப்பு நடந்த மூன்று மாதமும், அந்தத் தவணையில், பள்ளிக்கூடம் போகவில்லை என்று இருந்தது. அப்படியென்றால் வசனம் சரிதான். பிறகுதான் அந்த வரியின் முடிவில் ஒரு சிறிய நட்சத்திரம் இருப்பதைக் கண்டேன். பக்கத்தின் அடியில், எறும்பு போன்ற எழுத்தில், அடிக்குறிப்பு. இப்பகுதிப் பாடசாலைகளில் அக்காலத்தில் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்டிருந்ததால் வகுப்புகள் நடைபெறவில்லை.

மூன்றுதரம் வாசித்தேன். அந்த அறிக்கையில் அக்கறை என்ற சொல்லே இல்லை. பெற்றோரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கொப்பியைத் திறந்து நான்கு வசனங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். அறிக்கையிலிருந்து எடுத்தவர் அடிக்குறிப்பை விட்டுவிட்டார். அவரிடமிருந்து எடுத்தவர், அதாவது என் மேற்பார்வையாளர், "அந்தத் தவணையில்" என்பதை விட்டுவிட்டு, "போகவில்லை" என்பதை "ஒழுங்காகப் போவதில்லை" ஆக்கியிருந்தார். அவருக்கு அடுத்தவர், போகாததற்குக் காரணமாகப் பெற்றோரின் அக்கறையின்மையைச் சேர்த்திருந்தார். ஒருவரும் பொய் சொல்ல நினைத்திருக்கமாட்டார்கள். ஆளுக்கொரு சின்னச் சுருக்கம். கடைசியில் நான் வந்து அதை அப்படியே தூக்கிக்கொண்டேன்.

பின்னிணைப்பில் கேட்கப்பட்ட குடியேற்றங்களின் பெயர்கள் இருந்தன. ஐந்தாவது எங்களுடையது.

அந்தத் தவணை எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்து மேசைகளும் வாங்குகளும் மதிலோரம் குவிந்து கிடந்தன. வகுப்பறை யன்னல்களில் சேலைகள் காய்ந்தன. படலையில் காவல் இருந்தது. நாங்கள் வீதியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். அப்படியென்றால் அந்த அறிக்கை எண்ணிய பிள்ளைகளில் நானும் ஒருத்தியாக இருக்கலாம். பக்கங்களைப் போனில் படமெடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். வழி முழுக்க மேற்பார்வையாளரின் முகம்தான் வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அம்மா முற்றத்தில் படங்கு விரித்து உளுந்து காயவிட்டுக்கொண்டிருந்தார். ஆய்வு முறையியல் வகுப்பில் சொல்லித்தந்தபடி, ஒரு விஷயம் கேட்கலாமா, விருப்பமில்லாவிட்டால் சொல்லவேண்டாம் என்று ஆரம்பித்தேன். அம்மா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அந்தக் காலத்தில் யாராவது படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்களா என்று கேட்டேன்.

அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. "ரெண்டு பேரு வந்தாங்க. ஒரு பொம்பள, ஒரு ஆம்பள. புள்ளைங்க இஸ்கூலுக்குப் போறாங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன்."

"ஏன்னு கேக்கலயா?"

"கேக்கல."

"நீங்களா சொல்லியிருக்கலாம்தானே அம்மா."

அம்மா உளுந்தைக் கையால் பரப்பினார். "சொல்ல வந்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க அக்கா, நெறைய வீட்டுக்குப் போவணும்னு அந்தப் புள்ள சொல்லிச்சு. அதுக்கும் பாவம் வேல."

பிறகு அவராகவே, அந்த மாதங்களில் என்னையும் தம்பியையும் பாயில் இருத்திப் பழைய புத்தகங்களைச் சத்தமாக வாசிக்க வைத்ததைச் சொன்னார். தப்பாக வாசித்தாலும் தனக்குத் தெரியாதே, சத்தம் வந்தால் போதும் என்று இருந்தாராம். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அதைக் கொப்பியில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதேன், அதிலென்ன இருக்கிறது என்றார். அந்த அறிக்கையிலிருந்து வந்த வசனத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. நானும் அதை எழுதியிருந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். அறிக்கை என்ன சொன்னது, அடுத்தவர் எதை விட்டார், கடைசியில் என்ன ஆனது என்று படிப்படியாக எழுதினேன். மேற்பார்வையாளரின் கட்டுரை வரும் இடத்தில் நிறுத்தினேன். அரைமணி நேரம் இருந்தேன். பிறகு அந்தப் படியைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விட்டேன். உசாத்துணைப் பட்டியலிலும் அவர் பெயரை எடுத்துவிட்டேன். அவருடைய கையெழுத்து இல்லாமல் எனக்குப் பட்டம் இல்லை. என்னை நானே அப்படித்தான் சமாதானப்படுத்திக்கொண்டேன். அறிக்கையின் அடிக்குறிப்பை விட்டவர்களைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு, நானும் ஒன்றை விட்டுவிட்டு மெயில் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. வட்ஸ்அப்பில் கேட்டேன். பார்த்ததற்கு நீல அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. சனிக்கிழமை அவர் நடைபாதையின் அந்தப் பக்கத்தில் வருவதைக் கண்டு நான் பெண்களின் கழிப்பறைக்குள் போய் நின்றேன். இந்த வயதில், முப்பது பிள்ளைகளை அதட்டிப் படிப்பிக்கிற நான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பாதிச் சொல்லில் நிற்பேன். பிள்ளைகள் மிச்சத்தைச் சொல்லித் தருவார்கள். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்றாம் கிழமை கூப்பிட்டார். அவருடைய அறையில் என் அத்தியாயம் மேசையில் கிடந்தது. உட்காரச் சொன்னார்.

"இதில ஒண்டு குறையுது," என்றார்.

"தெரியும் சேர்."

"என்ர கட்டுரை."

அவர் தாள்களைப் புரட்டி, நான் தாண்டிப்போன இடத்தில் விரலை வைத்தார். அறிக்கையைக் காட்டச் சொன்னார். போனைக் கொடுத்தேன். படத்தைப் பெரிதாக்கி அடிக்குறிப்பை வாசித்தார். பிறகு மேலே உள்ள வரியை வாசித்தார். மறுபடி அடிக்குறிப்புக்கு வந்தார். நான் அவருடைய மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானும் பாக்கேல்ல," என்றார் கடைசியில். "வேலைக்கு வந்த புதுசு. வேற கட்டுரையில இருந்து எடுத்தனான். உங்கட பிரதியில கண்ட உடன எனக்கே ஒரு ஐமிச்சம் வந்தது. அதுதான் கேட்டனான்." போனைத் திருப்பித் தந்துவிட்டு, "மூண்டு கிழமையா உங்களுக்கு என்ன எழுதுறது எண்டு தெரியேல்ல," என்றார்.

மூன்று கிழமையாக அந்த மனிதரும் சாப்பிடாமல் இருந்திருப்பார் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதுதான் அவர் முகம் களைத்திருப்பதைக் கண்டேன்.

"சேர்த்து எழுதுங்கோ. பேரோட."

"உங்களுக்குப் பிரச்சினை வராதா சேர்?"

"வரும்," என்றார். சிரிக்கவில்லை.

எழும்பும்போது நான் இன்னொன்றையும் சொன்னேன். பின்னிணைப்பில் உள்ள ஐந்தாவது குடியேற்றம் எங்களுடையது, அந்தப் பிள்ளைகளில் நானும் இருக்கலாம் என்று. அவர் பேனையை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படியென்றால் அதையும் எழுதவேண்டும் என்றார். வாசிக்கிறவருக்கு எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவேண்டும், மறைத்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள் என்றார். அவர் பெயரைச் சேர்ப்பதைவிட என்னைச் சேர்ப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஒரு பந்தி எழுத மூன்று நாள் எடுத்தது.

மீளாய்வை முன்வைக்கும் நாளில் பரிசோதகர்கள் மூன்று பேர் எதிரே இருந்தார்கள். மேற்பார்வையாளர் பின்வரிசையில். நான் அட்டவணையைக் காட்டி, வசனம் எப்படி மாறி வந்தது என்று சொல்லிக்கொண்டு போனேன். அவருடைய பெயர் திரையில் வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன். நடுவில் இருந்த மூத்த பேராசிரியர் பின்வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீங்கள் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவ எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். உங்களுக்குப் பிடிக்காத வசனம் எண்டபடியால அதை உடைக்கிறதுக்கு ஆதாரம் தேடினனீங்களோ?"

இதற்கு வீட்டில் இரண்டு பதில் தயாரித்திருந்தேன். இரண்டும் மறந்துவிட்டன. "இல்லை சேர்," என்றேன். "நான் அதை உடைக்கத் தேடேல்ல. சரியா மேற்கோள் காட்டத் தேடினனான். என்ர முந்தின பிரதியில அந்த வசனத்தை நானே எழுதியிருக்கிறன். வேணுமெண்டா காட்டுறன்."

அவர் காட்டச் சொல்லவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது ஓரத்தில் இருந்த பெண் விரிவுரையாளர் என் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அங்கே நான், இக்குடும்பங்கள் கல்வியில் மிகுந்த அக்கறை கொண்டிருந்தன என்று எழுதியிருந்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். இதற்கு ஆதாரம் எங்கே? பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது என்பதிலிருந்து அக்கறை இல்லை என்று சொல்லமுடியாது, சரி. அக்கறை இருந்தது என்று மட்டும் எப்படிச் சொல்லமுடியும்?

எனக்குப் பாலமும் வெள்ளமும் பொலித்தீன் பையும் நினைவுக்கு வந்தன. சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது ஒரு தாய். ஒரு தாயை வைத்து நூறு வீடுகளைப் பற்றி எழுதினால் நானும் ஒரு வசனத்தை உருட்டிவிடுகிறேன். எனக்குப் பிடித்த வசனம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"ஆதாரம் இல்லை மேடம்," என்றேன்.

திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். கடைசி வசனத்தை மாற்றினேன். இக்குடும்பங்களின் பெற்றோர் கல்வியை எப்படிப் பார்த்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்டறிந்த ஆய்வு எதுவும் இம்மீளாய்வில் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு என்னால் எழுத முடிந்தது, தெரியவில்லை என்பது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. தோற்றதுபோல இருந்தது. ஆனால் அன்றிரவு பல நாட்களுக்குப் பிறகு சரியாகச் சாப்பிட்டேன்.

மேற்பார்வையாளர் தன் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகைக்குத் திருத்தம் கேட்டு எழுதியதாகச் சொன்னார். அது இன்னும் வெளிவரவில்லை. கேட்க எனக்குத் துணிவு இல்லை. நடைபாதையில் கண்டால் இப்போது நான் ஒளிவதில்லை. இருவரும் தலையசைத்துவிட்டுப் போகிறோம். முன்பு இருந்த சிறிய கலகலப்பும் இல்லை.

நேர்காணல்கள் வருகிற மாதம் தொடங்குகின்றன. குடியேற்றங்களின் வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளைத் தெரிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டை முன்கூட்டியே பட்டியலிலிருந்து எடுக்கவேண்டி இருந்தது. அதை அம்மாவிடம் சொன்னபோது அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்ட கேப்ப, என்னய கேக்கமாட்டியா?"

"நீங்க எனக்கு அம்மா. உங்கள்ட்ட கேட்டா அது சரியா வராது."

"நா சொன்னா பொய்யாயிருமா?"

பொய்யாகாது என்றேன். பிறகு அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ஆய்வில் பக்கச்சார்பு என்ற ஒன்று இருக்கிறது என்று தொடங்கினேன், நடுவில் எனக்கே குழம்பியது. அம்மா களைந்த தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டு வந்து, பானையை அடுப்பில் வைத்தார். அன்று பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது, எங்கள் குடியேற்றத்து வீடுகளில் எந்த வீட்டுப் பொம்பளை எந்நேரம் வீட்டில் இருப்பாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நான் கொப்பியை எடுத்து எழுதினேன்.